மஞ்சக்குப்பத்தில் செய்த காரியத்துக்கு வர்ஜீனியாவில் வழக்கா?

கெடிலக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1989 முதல் 2003 வரை வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தியவன் நான். கேட்க வந்த கேள்விக்கு அந்தக் கடையும் ஒரு காரணம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1994ஆம் ஆண்டு ஒரு மாலையில் காவலர்கள் கடைக்குள் வந்து, அலமாரியிலிருந்த கேசட்டுகளை இரண்டு கோணிப் பைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவற்றில் முக்கால்வாசி முறையாக வாங்கியவை. மீதி, சென்னையிலிருந்து பேருந்தில் பார்சலாக வந்தவை, வெள்ளை அட்டையில் நீலப் பேனாவால் படத்தின் பெயர் எழுதப்பட்டவை. அவை எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியாது என இன்றைக்கும் பொய் சொல்ல மாட்டேன். வழக்கு நான்கு ஆண்டு நடந்தது. வாய்தா நாளன்று காலையில் கடையைத் திறந்து, பத்து மணிக்குத் தம்பியை உட்கார வைத்துவிட்டு, நீதிமன்றத்துக்கு நடந்தே போவேன். பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்று, அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். என் வழக்கறிஞர் அடுத்த தெருக்காரர், கட்டணத்தைத் தவணையாக வாங்கிக்கொண்டார். முடிவில் நீதிமன்றம் கலையும் வரை இருக்கச் சொல்லி, அபராதமும் விதித்தார்கள். கட்டினேன். செய்த தவற்றுக்குக் கிடைத்தது என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இப்போது என் அக்கா மகன் புதுச்சேரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அமெரிக்கத் தொடர்கள் எந்தெந்தத் தளங்களில் கிடைக்கின்றன என்று இணைப்புகளைத் திரட்டி, அவற்றுக்குத் தானே தமிழில் துணையுரை (சப்டைட்டில்) எழுதி ஒரு தளம் நடத்துகிறான். படம் எதுவும் அவனுடைய கணினியில் இல்லை. பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் மட்டும் ஓடுகிறது. கல்லூரியில் யாரோ அவனிடம் ரிச்சர்ட் ஓ'டுவையர் கதையைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள், அவன் என்னிடம் வந்தான். தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த அந்த மாணவர், கிட்டத்தட்ட இதே போன்ற இணைப்புத் தளம்தான் நடத்தினார். 2010 ஜூனில் அமெரிக்க அதிகாரிகள் அவருடைய தளத்தின் பெயரைக் கைப்பற்றினார்கள். 2011இல் அவரை ஒப்படைக்கும்படி கேட்டார்கள். 2012 ஜனவரியில் லண்டன் நீதிமன்றம் அனுப்பலாம் என்றது, மார்ச்சில் உள்துறை அமைச்சர் தெரசா மே ஒப்புதல் அளித்தார். அந்தப் பையனுக்கு அமெரிக்காவோடு இருந்த தொடர்பு, அந்தத் தளத்தின் பெயர் டாட் நெட் என்று முடிந்ததும் (அந்தப் பெயர்களின் பதிவேடு ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது), அமெரிக்கத் தொடர்களுக்கு இணைப்புக் கொடுத்ததும்தான்.

என்னுடைய கேள்வி, தவறு செய்தவனைத் தண்டிக்கலாமா என்பது அல்ல, தண்டிக்கலாம். தன் அறையில் உட்கார்ந்து செய்த காரியத்துக்கு ஒருவனை அவன் கால் வைத்தே அறியாத நாட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது நியாயமா என்பதே கேள்வி. நம் நாட்டிலும் அப்படி அனுப்ப முடியுமா என்பதையும் சட்டம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கறுப்பங்கி

புதுச்சேரி நீதிமன்றத்தில் வழக்காடுபவன். குற்றவியல் பக்கம்தான் என் வேலை, ஒப்படைப்பு வழக்கு எதையும் நடத்தியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செய்தித்தாள்களில் எல்லாவற்றையும் நாடுகடத்தல் என்றே எழுதுகிறார்கள். விசா முடிந்தவனை விமானம் ஏற்றி அனுப்புவதும், வேறொரு நாடு கேட்டதன் பேரில் ஒருவனை அதன் நீதிமன்றத்திடம் கையளிப்பதும் வேறு வேறு. நீங்கள் கேட்பது இரண்டாவது. அதை ஒப்படைப்பு என்றே சொல்லலாம்.

முடியுமா என்றால், ஏட்டளவில் முடியும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் 1997 ஜூனில் கையெழுத்தாகி 1999 முதல் நடப்பில் இருக்கும் ஒப்பந்தம், குற்றங்களுக்குப் பட்டியல் போடவில்லை. இரு நாட்டுச் சட்டப்படியும் ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க எந்தக் குற்றத்துக்கும் அது பொருந்தும். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை, அபராதம் ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் வரை. இலாப நோக்கம் இல்லை என்றால் நீதிமன்றம் குறைத்துக்கொள்ளலாம். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைப் பிணையில் விட முடியாத குற்ற வகையில் சேர்த்துவிட்டது. ஆகவே ஓராண்டு என்ற வாசலை இந்தக் குற்றம் எளிதாகத் தாண்டிவிடுகிறது. தன் குடிமகன் என்ற காரணத்தைக் காட்டி ஒப்படைக்க மறுக்கக் கூடாது என்றும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது.

கோரிக்கை வெளியுறவு அமைச்சகத்துக்கு வரும். 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி ஒரு குற்றவியல் நடுவர் விசாரிப்பார். வழக்கமாக இது தில்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றத்தில் நடக்கும். அதாவது உங்கள் அக்கா மகன் அமெரிக்காவின் வர்ஜீனியாவை நினைத்துப் பயப்படுவதற்கு முன்பே, வடக்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய் நிற்க வேண்டியிருக்கலாம். அந்த நடுவர் அவன் குற்றவாளியா என்று பார்க்க மாட்டார், முதல் தோற்றத்தில் வழக்கு இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார். கடைசி முடிவு மத்திய அரசுடையது. அங்கே ஒரு வாசல் இருக்கிறது: 29ஆம் பிரிவு. வழக்கு அற்பமானது என்றோ, ஒப்படைப்பது நீதிக்கு ஒவ்வாது என்றோ அரசு கருதினால் நிறுத்திவிடலாம். ஒப்படைக்க மறுத்தால் இங்கேயே வழக்குத் தொடரலாம் என்று 34அ பிரிவு சொல்கிறது. நியாயம் என்று நீங்கள் தேடுவது இந்த இரண்டு பிரிவுகளுக்கு இடையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி, நியாயம் பற்றி. ஓ'டுவையரைவிடக் கடுமையான கதை ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் அறியாதது. ஹ்யூ கிரிஃபித்ஸ் என்பவர் இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதிலிருந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர். மென்பொருள்களின் பூட்டை உடைத்து இணையத்தில் பரப்பிய ஒரு குழுவின் தலைவர்களில் ஒருவர். காசுக்காக அல்ல, பெருமைக்காகச் செய்த கூட்டம் அது. ஐந்து கோடி டாலருக்கு மேல் பெறுமானமுள்ள பொருளைப் பரப்பினார்கள் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் கணக்கு. அவர் அமெரிக்கா போனதே இல்லை. 2007 பிப்ரவரியில் முதன்முறையாகப் போனது கைதியாக. வர்ஜீனியா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 51 மாதம் சிறை விதித்தார்கள். அனுப்பக் கூடாது என்று வாதாடிக்கொண்டிருந்த காலத்தில் ஆஸ்திரேலியச் சிறையிலேயே ஏறக்குறைய மூன்றாண்டு கழிந்துவிட்டது.

குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்ற இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விசாரணை நடக்காமலேயே ஒப்புக்கொண்டவர்கள்தாம். ஊர்க்காரனுக்கே நிலைமை அது என்றால், பிணைக்கு ஆளில்லாமல், வெளிநாட்டான் என்பதால் ஓடிவிடுவான் என்று பிணையும் மறுக்கப்பட்டு, மணிக்கணக்கில் கட்டணம் கேட்கும் வழக்கறிஞரை அமர்த்த முடியாமல் உள்ளே கிடப்பவன், தன் பக்கம் நியாயம் இருந்தாலும் கையெழுத்துப் போடத்தான் பார்ப்பான். அவன் செய்தது உண்மையிலேயே குற்றமா என்ற கேள்வியை யாரும் கேட்காமலே வழக்கு முடிந்துவிடும். இணைப்பு மட்டும் கொடுத்த வேறொரு தளத்தின் மீது இங்கிலாந்தில் நடந்த வழக்கு 2010இல் தள்ளுபடியானது. ஓ'டுவையர் தன் நாட்டில் விசாரிக்கப்பட்டிருந்தால் அந்தத் தீர்ப்பைக் காட்டி முழு வாதம் செய்திருக்கலாம். அவரும் 2012 நவம்பரில் 20,000 பவுண்டு கட்டச் சம்மதித்து ஒப்பந்தம் செய்துகொண்டுதான் தப்பித்தார்.

ஈய எழுத்து

திருப்பாதிரிப்புலியூரில் சிறு பதிப்பகம் நடத்துகிறேன். கேசட் கடைக்காரர் நீதிமன்றத்துக்கு நடந்துபோன கதையைப் படித்து நெகிழ எனக்கு மனம் வரவில்லை, மன்னிக்கவும். அந்த நீலப் பேனா கேசட்டுக்கு மறுபக்கம் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அந்த மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினம் தொடங்கித் தெற்கே உள்ள மீனவர் ஊர்களில் வழங்கும் சொற்களை ஒருவர் எட்டு ஆண்டு அலைந்து தொகுத்தார். காற்றுக்கு, நீரோட்டத்துக்கு, வலையின் ஒவ்வொரு பகுதிக்கும் அவர்களிடம் உள்ள பெயர்கள். அறுநூறு படிகள் அச்சிட்டேன். மூன்றாம் மாதம், ஒரு செய்திச் செயலிக் குழுவில் முழுப் புத்தகமும் பிடிஎஃப் ஆக வந்து நின்றது. திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் அன்புடன் என்று எழுதி நானே போட்ட கையெழுத்து இருந்தது. வெளியீட்டு விழாவில் நான் கொடுத்த இலவசப் படி. வாங்கிக்கொண்டு போனவர் இப்போது கனடாவில் இருக்கிறார். பக்கம் 83இல் அவருடைய கட்டை விரலும் சேர்ந்து ஸ்கேன் ஆகியிருந்தது. தமிழ்ப்பணி செய்வதாக அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார், ஆயிரம் பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். என் கிடங்கில் 380 படிகள் கறையான் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

காவல் நிலையத்துக்குப் போனேன். மரியாதையாகவே கேட்டார்கள். ஆள் வெளிநாட்டில் இருக்கிறாரே ஐயா, நாங்கள் என்ன செய்வது என்றார்கள். மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளத்துக்காக 2012 ஜனவரியில் நியூசிலாந்தில் அதை நிறுவிய கிம் டாட்காம் வீட்டின் மேல் ஹெலிகாப்டரில் போலீஸ் இறங்கியதே, என் அகராதிக்காக ஒரு தபால் அட்டையாவது டொரண்டோவுக்குப் போகுமா? போகாது. மேற்சொன்ன ஒப்பந்தங்களில் எந்த நாட்டுப் பதிப்பாளனுக்கு என்று எழுதியிருக்கவில்லை, ஆனால் ஐம்பது கோடி டாலர் நட்டம் என்று கணக்குக் காட்டுகிறவனுக்குத்தான் அது ஓடுகிறது. நியாயமா என்று கேட்பதானால் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தன் அறையில் உட்கார்ந்து செய்தான் என்பது பாதி உண்மைதான். தளத்தை உலகம் முழுவதும் திறந்து வைத்தான், விளம்பரப் பணத்தை டாலரில் வாங்கினான், அமெரிக்கப் பெயர்ப் பதிவைப் பயன்படுத்தினான். சரக்கும் பணமும் அங்கிருந்து வரும்போது இனித்தது, சம்மன் அங்கிருந்து வரும்போது மட்டும் கசக்கிறதா? ஓ'டுவையரின் விளம்பர வருவாய் இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் டாலர் என்பது அமெரிக்கத் தரப்பின் கணக்கு. அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும், படிப்புச் செலவுக்குச் செய்த சின்னத் தவறு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஈசிஆர் பயணி

கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவன். எனக்குத் தெரிந்த சட்டம் ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் பார்த்த சட்டம்தான். கன்னியக்கோவிலில் கடைக்காரர் பாட்டில் விற்பது புதுச்சேரி அரசின் உரிமத்தோடு. அதே பாட்டில் ஆல்பேட்டையைத் தாண்டினால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பையில் வைத்துக்கொண்டு தாண்டுகிறவனைப் பிடிக்கிறார்கள், விற்ற கடைக்காரரைத் தமிழ்நாட்டுக் காவல்துறை வந்து தூக்குவதில்லை. யார் எங்கே இருக்கிறாரோ அங்குள்ள சட்டம் அவருக்கு. இணையத்துக்கும் அப்படியே வைத்துவிட்டால் என்ன?

பாரதியாரையும் நினைத்துக்கொள்கிறேன். 1908இல் அவர் புதுச்சேரிக்கு வந்தது பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் வாரண்டு செல்லாது என்பதால்தானே. பத்தாண்டு கழித்து, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியவுடன் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். எல்லைக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்த ஊர்க்காரர்கள் நாம்.

கறுப்பங்கி

பாட்டில் உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் கால் வழுக்குகிறது. கன்னியக்கோவில் கடைக்காரர் அவர் ஊரில் குற்றமே செய்யவில்லை. இரு நாட்டிலும் குற்றமாக இருந்தாலொழிய ஒப்படைப்பு இல்லை என்ற விதி அவரைப் போன்றவர்களைக் காப்பதற்குத்தான். பதிப்புரிமை மீறல் கடலூரிலும் குற்றம், கலிபோர்னியாவிலும் குற்றம். ஆகவே அந்தக் கேடயம் இங்கே மெலிந்துபோகிறது. மெலிந்துபோகிறது என்றுதான் சொல்கிறேன், உடைந்துவிடுகிறது என்று சொல்லவில்லை. எது குற்றம் ஆகும் என்ற கோடு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவிலேயே 1994இல் எம்ஐடி மாணவர் ஒருவர் மென்பொருளை இலவசமாகப் பரப்பிய வழக்கு, இலாபம் இல்லை என்பதால் நிற்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்க 1997இல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி, பணம் வாங்காவிட்டாலும், பதிலுக்கு வேறொரு படைப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்தாலே அது ஆதாயம்.

நியூசிலாந்திலும் இதே கோட்டைப் பற்றித்தான் சண்டை. 2017இல் அங்குள்ள உயர் நீதிமன்றம், இணையவழிப் பதிப்புரிமை மீறல் என்ற தலைப்பில் மட்டும் பார்த்தால் டாட்காமை ஒப்படைக்க இடமில்லை, ஆனால் மோசடி என்ற தலைப்பில் இடமிருக்கிறது என்றது. பொருள் ஒன்றே, பெயர்ச்சீட்டை மாற்றியதும் கதவு திறக்கிறது. பிறகு 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பதிப்புரிமைக் குற்றச்சாட்டுகளுக்கும் இடம் உண்டு என்று முடித்துவிட்டது. 2024 ஆகஸ்டில் நீதித்துறை அமைச்சர் ஒப்படைப்பு உத்தரவில் கையெழுத்திட்டார். ஹெலிகாப்டர் இறங்கியதிலிருந்து கையெழுத்து விழும்வரை பன்னிரண்டரை ஆண்டு. அந்த மனிதர் மேல் எனக்கு இரக்கம் எதுவும் கிடையாது. ஆனால் அவருடைய கூட்டாளிகள் இருவரின் கதையைப் பாருங்கள். மத்தியாஸ் ஓர்ட்மன், பிராம் வான் டெர் கோல்க் என்ற அந்த இருவரும் நியூசிலாந்திலேயே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொல்ல, அமெரிக்கா ஒப்படைப்புக் கோரிக்கையைக் கைவிட்டது. 2023 ஜூனில் ஆக்லாந்தில் ஒருவருக்கு இரண்டு ஆண்டு ஏழு மாதமும் மற்றவருக்கு இரண்டரை ஆண்டும் சிறை விதித்தார்கள். அதே நிறுவனம், அதே சர்வர்கள், அதே மீறல். வசித்த நாட்டில் விசாரிக்க முடியாது என்று இனி யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பைத்தான் முன்னால் வைப்பேன். அமெரிக்கக் குற்றப்பத்திரிகையிலோ சதித்திட்டக் குற்றம் ஒன்றுக்கே இருபது ஆண்டு வரை.

பாரதியாரை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அரசியல் குற்றத்துக்கு ஒப்படைப்பு இல்லை என்பது பழைய விதி, நம் சட்டத்தின் 31ஆம் பிரிவிலும் இருக்கிறது. தொடர்களுக்கு இணைப்புக் கொடுப்பதை அந்த வரிசையில் வைத்தால் அவர் மீசை துடிக்கும்.

ஈய எழுத்து ஐயாவுக்கு: நீங்கள் கேட்டதற்கு என்னிடம் சட்டப்படி நல்ல பதில் இல்லை. கனடாவில் அவர்மேல் உரிமையியல் வழக்குப் போடலாம். அந்தச் செலவுக்கு உங்கள் அறுநூறு படியும் விற்றாலும் காணாது.

சொல்தா பேரன்

இங்கே யாரும் தொடாத ஒரு புதுச்சேரிச் சிக்கலைச் சொல்கிறேன். என் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். புதுச்சேரியை இந்தியாவிடம் கையளித்த பிரெஞ்சு ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் அவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார், அவருடைய தம்பி தேர்ந்தெடுக்கவில்லை. இன்று ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான் பிரெஞ்சுக் குடிமகன், அந்தப் பக்கம் என் பங்காளி இந்தியக் குடிமகன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே கணினியில் கெடிலக்கரை ஐயாவின் அக்கா மகனைப் போல ஒரு தளம் நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டிடம் தன் குடிமகனை ஒப்படைப்பதில்லை. குற்றம் செய்திருந்தால் தானே விசாரிக்கும். ஜெர்மனியும் அப்படித்தான், ஒன்றியத்துக்கு வெளியே தன் குடிமகனைக் கொடுக்காது, அதை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. நான் பாரிஸ் போய் இறங்கிவிட்டால் அங்குள்ள நீதிமன்றத்துக்குப் பதில் சொன்னால் போதும். என் பங்காளி தில்லிக்குப் போக வேண்டும், அங்கிருந்து எங்கே என்பது அரசின் விருப்பம். இருவரும் செய்தது ஒன்றே.

புதுச்சேரியிலேயே நான் இருந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு எனக்கும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அப்போது முடிவெடுப்பது இந்திய அரசு. ஆகமொத்தம், விமானச் சீட்டும் சிவப்புக் கடவுச்சீட்டும் வைத்திருப்பவனுக்கு ஒரு நியாயம். எங்கள் தெருவில் பென்ஷன் விஷயத்தில் இந்த வேறுபாட்டைப் பார்த்துப் பழகிவிட்டோம். சிறை விஷயத்திலும் அப்படியே என்பது எனக்கே இந்த விவாதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஈய எழுத்து

இரவெல்லாம் யோசித்தேன். என் அகராதியை ஸ்கேன் செய்தவரைக் கடலூருக்கு இழுத்துவந்து நிறுத்த எனக்கு அதிகாரம் கொடுத்தால் செய்வேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன். அவருக்கு அங்கே வேலை, பள்ளியில் பிள்ளைகள். இங்கே நம்மூர் வாய்தாவில் நான்கு ஆண்டு போனால், தீர்ப்பு எதுவாக வந்தாலும் அவர் குடும்பம் குலைந்துபோகும். ஒரு பிடிஎஃப்புக்கு அந்த விலை அதிகம். எனக்கு வேண்டியது, அவர் ஊர் நீதிமன்றம் ஒன்று இங்கிருந்து காணொளியில் என் சாட்சியத்தைக் கேட்டு, கோப்பை எடு, இத்தனை டாலர் நட்டஈடு கொடு என்று சொல்வது. அவ்வளவுதான். இதற்கு ஒரு வழி செய்ய எந்த அரசும் இதுவரை அக்கறைப்பட்டதாகத் தெரியவில்லை, ஹெலிகாப்டருக்கு மட்டும் பணம் இருக்கிறது.

ஆகவே முதலில் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். சரக்கும் பணமும் அங்கிருந்து வந்தன என்ற வாதம், அவன் குற்றவாளி என்று காட்டப் போதும். எங்கே விசாரிப்பது என்று முடிவு செய்யப் போதாது. இருந்தாலும், அக்கா மகனுக்கு ஒன்று சொல்லுங்கள்: துணையுரை என்பதும் மொழிபெயர்ப்புத்தான், மொழிபெயர்க்கும் உரிமையும் படைத்தவனுடையது.

கறுப்பங்கி

ஈய எழுத்து ஐயா சொன்னதைச் சட்டமாகவே எழுத முடியும். ஓ'டுவையர் விவகாரமும், கணினிக்குள் நுழைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கேரி மெக்கின்னன் விவகாரமும் கிளப்பிய சூட்டில் பிரிட்டன் 2013இல் தன் சட்டத்தைத் திருத்தியது. குற்றச் செயலின் கணிசமான பகுதி பிரிட்டனிலேயே நடந்திருந்தால், பாதிக்கப்பட்டவர் எங்கே, சாட்சியங்கள் எங்கே, அந்த ஆளுக்கு இந்த நாட்டோடு என்ன தொடர்பு என்பவற்றையெல்லாம் பார்த்து, ஒப்படைப்பது நீதிக்கு உகந்ததல்ல என்று நீதிபதியே தடுக்கலாம். 2018இல் லாரி லவ் என்பவர், அதுவும் ஹேக்கிங் வழக்குத்தான், தன் உடல்நிலையோடு இந்தத் தடையையும் காட்டித்தான் தப்பித்தார். நம் 29ஆம் பிரிவு இந்த அதிகாரத்தை அரசிடம் மட்டும் வைத்திருக்கிறது. அதை நடுவரிடமும் கொடுத்து, செயல் எங்கே நடந்தது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டால் எனக்குப் போதும். குற்றவாளி தப்பிவிடுவான் என்ற பேச்சுக்கு 34அ இருக்கவே இருக்கிறது.

தம்பிக்கு: விளம்பரம் ஓடும் வரை இலாப நோக்கம் இல்லை என்று என்னால் வாதாட முடியாது. அமெரிக்கா வேண்டாம், கடலூர் நீதிமன்றத்திலேயே முடியாது.

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஈய எழுத்து ஐயா, அந்த நீலப் பேனா கேசட்டுகளுக்கு மறுபக்கம் இருந்தவரை நான் இத்தனை ஆண்டில் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை என்பது உண்மை. ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூர் வருகிறேன், அகராதியில் இரண்டு படி எடுத்து வையுங்கள்.

இந்த விவாதம் முழுவதையும் பையனுக்குப் படித்துக் காட்டினேன். ஹெலிகாப்டருக்கு அவன் அசரவில்லை. தில்லி பாட்டியாலா ஹவுஸ் என்றதும்தான், செமஸ்டர் தேர்வு நடக்கும்போது கூப்பிட்டால் என்ன மாமா செய்வது என்று கேட்டான். நேற்றிரவு என் முன்னாலேயே தளத்தை மூடிவிட்டான். ஒன்று மட்டும் பாக்கி: விளம்பரக் கணக்கில் அவன் பெயரில் 41 டாலர் நிற்கிறது. நூறு டாலர் சேர்ந்தால்தான் கொடுப்பார்களாம், ஆகவே இனி எடுக்கவும் முடியாது. அது அப்படியே கிடந்தால் பின்னாளில் ஆதாயம் என்று யாராவது கணக்குக் காட்டுவார்களா, கணக்கையே மூடிவிடச் சொல்லட்டுமா என்று கறுப்பங்கி ஐயா சொன்னால் நல்லது.